உத்தியோக நிவிருத்தியும் குக்குட பரிபாலனமும்

எந்தச் சாஸ்திரத்தைத் தொடங்கினாலும் விஷயம், அதிகாரி, சம்பந்தம், பிரயோஜனம் என்னும் நான்கையும் முதற்கண் சொல்லிவிட வேண்டும் என்பது பூர்வாசாரியர்கள் வகுத்த நியதி. ஆகவே சொல்லிவிடுகிறோம். விஷயம், கோழி. அதிகாரி, சர்க்கார் உத்தியோகத்திலிருந்து விடுபட்டு, கைக்கு வந்த பணிக்கொடையில் பிதிரார்ஜிதமான கிராமத்து வீட்டுக்கு ஓடு மாற்றி, வெள்ளையடித்து, கொல்லைப்புறத்துக்குக் கம்பிவலை கட்டிக் குடியேறியவர். சம்பந்தம், இவ்விரு தரப்பாருக்கும் இடையே விடியற்காலம் தொடங்கி அந்திவரையில் நடைபெறும் போக்குவரத்து. பிரயோஜனம் என்ன என்று அவருடைய சம்சாரம் நெடுநாளாகக் கேட்டு வருகிறார். விசாரணை நிலுவையில் இருக்கிறது.

இந்த ராஜ்யத்தில் ஓய்வு பெறும் வயது 58 ஆக இருந்து, 2020-இல் 59 ஆகவும் 2021-இல் 60 ஆகவும் உயர்த்தப்பட்டதனால், ஒரு தலைமுறை உத்தியோகஸ்தர்களின் கோழி வளர்ப்பு இரண்டு வருஷம் தள்ளிப்போயிற்றேயன்றி அந்த எண்ணம் சற்றும் தணிந்ததாகத் தெரியவில்லை. மதுரைக்கு மேற்கே, உசிலம்பட்டிச் சுற்றுவட்டாரக் கிராமங்களில் நாம் கண்டறிந்தவரையில், ஊர் திரும்பியவர் முதல் மாதத்தில் வாசகசாலை ஒன்று அமைக்க உத்தேசிக்கிறார். இரண்டாம் மாதத்தில் அந்த உத்தேசம் மூலிகைத் தோட்டமாகக் குறுகுகிறது. மூன்றாம் மாதத்தில் கோவில் திருப்பணிக் கமிட்டியை எட்டிப் பார்த்து, அங்கே தமக்கு முன்பே ஓய்வு பெற்ற இருவர் காரியதரிசியாகவும் பொக்கிஷதாரராகவும் வீற்றிருப்பதையும், காலியாக உள்ள ஸ்தானம் பந்தலுக்குக் கழி எண்ணுவது ஒன்றே என்பதையும் கண்டு, வீடு திரும்பும் வழியில் சந்தைக்குள் நுழைந்து இரண்டு பெட்டையும் ஒரு சேவலும் வாங்கி வருகிறார்.

ஏன் கோழி? இதற்கு உலகம் சொல்லும் காரணங்களைப் பூர்வபட்சமாக எடுத்துக்கொள்வோம். முட்டைக்காக என்பது முதலாவது. நாமக்கல் முட்டைக்கு நாள்தோறும் விலை நிர்ணயமாகிறது. 1982-இல் ஏற்பட்ட தேசிய முட்டை ஒருங்கிணைப்புக் குழு அதை ஒழுங்காக அறிவிக்கிறது. அதன்மேல் சிறிது லாபம் வைத்து எந்தப் பெட்டிக்கடையிலும் தருகிறார்கள். பண்ணையில் வளரும் வெள்ளை லெகார்ன் வருஷத்துக்கு முந்நூறு முட்டையை எட்டும்போது, நம் சிறுவிடைக் கோழி எண்பது இட்டாலே ஊரில் பெயர் வாங்கிவிடும். கம்பிவலை, தச்சர் கூலி, கம்பு, குருணை, கேழ்வரகு, நாய் கடித்த வகையில் நஷ்டம் ஆகியவற்றைக் கூட்டி முட்டைகளின் எண்ணிக்கையால் வகுத்தால் வரும் தொகையை எந்தக் கணக்குப் பிள்ளையும் சத்தமாகப் படிக்க மாட்டார். ஆகவே முதற்காரணம் தள்ளுபடி. பிராணிகள்பால் உள்ள கருணை என்பது இரண்டாவது. கருணையென்றால் பசு வளர்க்கலாமே? பசு நாலு மணிக்கு எழுப்பும். ஆடு அடுத்தவன் வேலியை மேய்ந்துவிட்டுப் பஞ்சாயத்துக்கு இழுக்கும். இப்படிக் கூலி பார்த்துக் காட்டும் கருணையைக் கருணையில் சேர்ப்பதற்கில்லை.

சித்தாந்தம் வேறு. ஓய்வு பெறுகிறவர் இழப்பது சம்பளத்தை அன்று. அதில் பாதி பென்ஷனாகத் திரும்பி வருகிறது. அவர் இழப்பது, தாம் உள்ளே நுழையும்போது நாற்காலிகள் நகரும் அந்த ஓசையை. கொல்லையில் நின்று கையில் தானியத்தோடு "பா, பா, பா" என்று ஒரு முறை குரல் கொடுத்தால், வேலியோரத்திலும் எருக்குழியிலும் பரவிக் கிடந்த அத்தனை பேரும் சிறகடித்து ஓடிவந்து, எதிரே நின்று, தலையைச் சாய்த்து, உத்தரவை எதிர்பார்க்கும் பாவனையில் அவரை நோக்குகிறார்களே, அந்த ஒரு க்ஷணத்துக்காகவே கம்பிவலையும் தச்சர் கூலியும். கோழிக்குக் கண்கள் பக்கவாட்டில் அமைந்திருப்பதால், அருகிலுள்ள பொருளை ஒற்றைக் கண்ணால் உற்றுப் பார்ப்பதற்கே அது தலையைச் சாய்க்கிறது. அது பார்ப்பதும் அவர் முகத்தையன்று, கையிலுள்ள குருணையை. ஆனால் இதை அவரிடம் எடுத்துச் சொல்வது பாவம்.

மெய்யான அதிகாரம் அந்தக் கொல்லையில் வேறிடத்தில் இருக்கிறது. நார்வே தேசத்துத் தோர்லெய்ஃப் ஷெல்டெரூப்-எப்பே என்பவர், சிறுவயது முதலே கோழிகளின் நடவடிக்கைகளைப் பார்த்துக் குறித்துவைத்து, 1922-இல் வெளியிட்ட ஆராய்ச்சியில், ஒரு கூட்டத்துக் கோழிகளுக்குள் கொத்தும் உரிமை வரிசைக் கிரமமாக அமைந்திருக்கிறது என்று நிரூபித்தார். முதற்கோழி எல்லோரையும் கொத்தலாம். அதனை ஒருவரும் கொத்தலாகாது. இரண்டாவது, முதலாவதை விட்டு மற்றெல்லோரையும் கொத்தலாம். கடைசிக் கோழிக்குக் கொத்துப்படும் உரிமை மட்டுமே உண்டு. சில கூட்டங்களில் முதலாவது இரண்டாவதையும், இரண்டாவது மூன்றாவதையும், மூன்றாவது மறுபடி முதலாவதையும் கொத்துகின்ற முக்கோண நிலையும் ஏற்படுவதாக அவர் எழுதியிருக்கிறார். ரெவினியூ இலாகாவிலிருந்து நிதி இலாகாவுக்கும், அங்கிருந்து சட்ட இலாகாவுக்கும், அங்கிருந்து மறுபடி ரெவினியூ இலாகாவுக்கும் ஒரே கோப்பை அனுப்பிப் பழகியவர்களுக்கு இதில் நூதனம் ஒன்றும் இல்லை. ஐரோப்பாவில் இதற்குக் கோழி தேவைப்பட்டிருக்கிறது.

சேவல்களிடம் இந்த முறை இன்னும் கடுமை. ஜப்பானில் நகோயா சர்வகலாசாலையார் 2013-இல் செய்த பரிசோதனையில், மங்கிய வெளிச்சம் மாறாமல் இருக்கும் அறையில் அடைத்து வைத்தாலும், உள்ளே ஓடும் ஏதோ ஒரு கடிகாரத்தைக் கொண்டு சேவல் விடியலைக் கணித்துக் கூவிற்று என்று கண்டார்கள். இரண்டு வருஷம் கழித்து அவர்களே வேறொன்றும் கண்டார்கள்: பல சேவல்கள் உள்ள இடத்தில் அந்தஸ்தில் உயர்ந்ததே முதலில் கூவுகிறது, மற்றவை தத்தம் தரத்துக்கேற்ப அடுத்தடுத்துக் கூவுகின்றன. விடிந்துவிட்டது என்று தனக்கு ஸ்பஷ்டமாகத் தெரிந்திருந்தும், மேலவர் கூவாதவரையில் கீழ்ச்சேவல் வாய் திறப்பதில்லை. முப்பது வருஷ சர்வீஸில் நம்மவர் கடைப்பிடித்த ஒழுக்கமும் இதுவே. அகலிகை கதையில் இந்திரன் அகாலத்தில் சேவலாய்க் கூவி, கௌதமரை ஆற்றங்கரைக்கு அனுப்பினான் என்று நம் ஊரில் சொல்லுகிறார்கள் அல்லவா? அந்த வழக்கில் குற்றம் சேவலுடையதன்று. தரவரிசையில் சேராத வெளியார் ஒருவர் கூவியதே குற்றம். பெட்டைக்கோழி கூவிப் பொழுது விடியாது என்னும் பழமொழியும் விசாரிக்கத் தக்கது. பெட்டைக்கு இடப்பக்கத்துச் சினைப்பை மட்டுமே தொழிற்படுவது; அது நோயால் கெட்டுப்போனால், வலப்பக்கத்தில் சும்மா கிடக்கும் உறுப்பு ஆண் தன்மையை அடைய, பெட்டைக்குக் கொண்டை பெருத்துக் கூவலும் வருவது உண்டு. இதற்கு நேர்மாறாக, சேவல் ஒன்று முட்டையிட்டதாகக் குற்றம் சாட்டி, 1474-இல் ஸ்விட்ஸர்லாந்துப் பாஸல் நகரத்தார் அதை முறைப்படி விசாரித்துத் தீயிலிட்டார்கள். நம் கிராமங்களில் அவ்வளவு தூரம் போவதில்லை. ஞாயிற்றுக்கிழமை வரையில் காத்திருந்து குழம்பு வைத்துவிடுவார்கள்.

சரித்திர கௌரவம் பற்றி ஒரு சொல். கோழி வளர்க்கத் தொடங்கிய ஆறு மாதத்துக்குள் எந்த உத்தியோகஸ்தரும் வந்த விருந்தினரிடம் சரித்திரம் பேசாமல் இருப்பதில்லை. சேவல் ஒன்று யானையைப் போரில் வென்ற ஐதிகத்தால் சோழர் தலைநகரான உறையூருக்கே கோழி என்று பெயர் வழங்கிற்று. முருகக் கடவுளின் கொடியில் அது நிற்கிறது. விழுப்புரம் பக்கத்து அரசலாபுரத்தில், சண்டையிட்டு மாண்ட சேவலுக்கு உருவம் பொறித்து எழுத்தும் வெட்டிக் கல் நட்டிருக்கிறார்கள். உலகத்து வீட்டுக்கோழிகளில் பலவற்றுக்கு மஞ்சள் தோல் வாய்த்தது, நம் மேற்குத் தொடர்ச்சி மலைகளில் கத்தித் திரியும் சாம்பல் காட்டுக்கோழி கொடுத்த கொடை என்று ஸ்வீடன் தேசத்தார் 2008-இல் நிறுவினர். இவை யாவும் மெய். ஆயினும் ஒன்றைக் கவனிக்க வேண்டும். ஒரே ஒரு நாள் சண்டையிட்டு மாண்ட சேவலுக்குக் கல் உண்டு. ஆயுள் முழுவதும் வேளை தவறாமல் முட்டையிட்ட பெட்டைக்குக் கல் எங்கும் கிடையாது. தபால் பிரிவில் தலை நிமிராமல் உழைத்து ஓய்வு பெற்றவர்களிடம் இந்த விஷயத்தைப் பேசினால் நெடுநேரம் பேசுவார்கள்.

இனி நித்திய கர்மானுஷ்டானம். எம் வீட்டுக்கு இரண்டு வீடு தள்ளிக் குடியேறியுள்ள முன்னாள் துணைத் தாசில்தார், கோழிகளுக்கு வருகைப் பதிவேடு ஒன்று வைத்திருக்கிறார். எந்தக் கோழி எத்தனை மணிக்குக் கேறத் தொடங்கிற்று, எத்தனை மணிக்கு இட்டது, எங்கே இட்டது என்பதெல்லாம் அதில் பதிவாகும். சில வாரங்களில் அவர் கண்டது அவருக்கு வேதனை அளித்தது: முதல்நாள் காலை எட்டு மணிக்கு இட்ட கோழி மறுநாள் ஒன்பதரைக்கு வருகிறது; அதற்கு அடுத்த நாள் பதினொன்று; பிற்பகலை எட்டியதும் ஒருநாள் முன்னறிவிப்பில்லாமல் விடுப்பு எடுத்துவிட்டு, மறுநாள் யாதொன்றும் நடவாதது போலக் காலையில் ஆஜராகிறது. ஒரு முட்டை உள்ளே உருவாக 24 மணி நேரத்துக்குச் சற்று அதிகமாகவே ஆகிறது. ஓடு கட்டுவதற்கு மட்டும் இருபது மணி நேரம். தினமும் ஏறும் அந்தப் பாக்கியைக் கோழி ஒருநாள் விடுப்பில் நேர்செய்துகொள்கிறது. இதை அறிந்த பின்பும் அவர் பதிவேட்டில் சிவப்பு மையால் 'தாமதம்' என்று எழுதுவதை நிறுத்தவில்லை.

ஆகாரத்தில் அவர் தாராளம். அரிசி தவிர வேறு போடமாட்டேன் என்று ஆரம்பத்தில் பிடிவாதமாக இருந்தார். இவ்விடத்தில் ஒரு மேற்கோள் அவசியம். 1890-ஐ ஒட்டிய வருஷங்களில், ஜாவாத் தீவின் படேவியாவில், ஐக்மன் என்னும் டச்சு வைத்தியருடைய ஆராய்ச்சிக் கோழிகள் கால் துவண்டு, தள்ளாடி விழுந்தன. பெரிபெரி நோய்க்குரிய கிருமியை அவர் தேடிக்கொண்டிருக்கையில், திடீரென்று அவை தாமாகவே தேறிவிட்டன. விசாரித்ததில், ராணுவ ஆஸ்பத்திரிச் சமையலறையிலிருந்து மீந்த தீட்டிய அரிசிச் சோறு சிலகாலம் கோழிகளுக்குப் போய்க்கொண்டிருந்ததும், புதிதாக வந்த சமையற்காரர் ராணுவத்து அரிசியைச் சிவில் கோழிகளுக்குக் கொடுப்பதற்கு விதியில்லை என்று மறுத்துவிட்டதும், அதன்மேல் அவை தீட்டாத அரிசிக்கு மாறியதும் தெரியவந்தன. தவிட்டில் ஏதோ இருக்கிறது என்னும் அறிவு உலகுக்கு அப்படி வந்தது. ஐக்மனுக்கு 1929-இல் நோபல் பரிசும் வந்தது. சமையற்காரருக்கு ஒன்றும் வரவில்லை. விதிமுறையைக் காட்டி ஒரு கோப்பைத் திருப்பி அனுப்பியதால் மனிதகுலத்துக்கு நேர்ந்த நன்மைகளில் இதற்கு ஈடானது இன்னொன்று நமக்குத் தெரியாது. இந்த வரலாற்றைக் கேட்டபின் துணைத் தாசில்தார் தவிடு வாங்கத் தொடங்கிவிட்டார். மனம் மாறியது கோழிகளுக்காகவா, சமையற்காரருக்காகவா என்று நாம் கேட்கவில்லை.

பரிபாலனத்தின் உச்சகட்டம் அடைவைப்பு. கோழி உட்கார்ந்த இடத்தைவிட்டு எழாமல், கிட்டே கை கொண்டுபோனால் சிலிர்த்துச் சீறி, உடம்பெல்லாம் அனலாக இருந்தால் அது அடைக்கு வந்துவிட்டது என்று பொருள். வேண்டாதவர்கள் தண்ணீரில் முக்கியெடுத்தோ, மூக்கில் இறகைச் செருகியோ அடை தெளியவைப்பார்கள். துணைத் தாசில்தார் வேண்டியவர். அகலமான கூடையில் மணல் பரப்பி, அதன்மேல் வைக்கோல் இட்டு, முட்டை ஒவ்வொன்றையும் கைப்பேசி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, ஓட்டின்மேல் பென்சிலால் தேதியும் வரிசை எண்ணும் எழுதி அடுக்கிக்கொண்டிருந்தபோது, எதிர்வீட்டுப் பெரியாத்தா வந்து திண்ணையில் உட்கார்ந்தாள்.

"எத்தன முட்டைப்பா வக்கிற?"

"பன்னெண்டு பெரியாத்தா."

"பதிமூணா வையி. ரெட்டப்படையில வச்சா கூமுட்டையாப் போகும்."

"இதுக்கெல்லாம் ஏதாவது ஆதாரம் இருக்கா?"

"ஆதாரமா? நீ பொறந்தப்ப ஒனக்குத் தொப்புக்கொடி அறுத்தது நாந்தேன். அதுக்கு என்னா ஆதாரம் வச்சிருக்க? வையிப்பா, சொல்றேன்ல."

பதிமூன்று வைத்தார். கூடையின் ஓரத்தில் ஓர் இரும்புத் துண்டும், கரித்துண்டும், இரண்டு காய்ந்த மிளகாயும் பெரியாத்தாவின் கையாலேயே செருகப்பட்டன. இடி இடித்தால் கரு கலங்காமல் இருப்பதற்கு. ஒற்றைப்படைக்கு ஆதாரம் இல்லையேயன்றிப் பதிமூன்றுக்கு இருக்கிறது: சிறுவிடைக் கோழியின் உடம்பு அதற்குமேல் போர்த்தாது, அதிகமானால் ஓரத்து முட்டைகள் குளிர்ந்துபோகும். அரிஸ்டாட்டில் அடை முட்டைகளைக் கிரமமாக உடைத்துப் பார்த்து, மூன்று நாள் கழிந்ததும் இருதயம் ஒரு சிவப்புப் புள்ளியாகத் துடிப்பதைக் கண்டு எழுதிவைத்தார் என்று நாம் சொல்லப்போக, துணைத் தாசில்தாருக்கும் அந்த ஆவல் பிறந்தது. பெரியாத்தா விளக்குமாற்றை எடுத்ததும் தணிந்தது. இருபத்தொன்றாம் நாள் ஓடுகள் விரிந்தன, பதினொன்று பொரித்தன, இரண்டு கூமுட்டை. பதிமூன்று ஒற்றைப்படைதானே என்று அவர் வாதாடினார். "பென்சிலு வச்சுக் கிறுக்குனா?" என்று பெரியாத்தா வழக்கை முடித்துவைத்தாள்.

குஞ்சுகள் வந்தபின் கொல்லை ஒரு யுத்தகளம். வானத்தில் பருந்து தென்பட்டால் தாய்க்கோழி ஒரு குரலும், தரையில் கீரி வந்தால் வேறொரு குரலும் எழுப்புகிறது. முதற்குரலுக்குக் குஞ்சுகள் ஒடுங்கிப் பதுங்கும். துணைத் தாசில்தார் இரண்டு குரலுக்கும் ஒரே குடையோடு ஓடுவார்.

இவ்வளவுக்கும் பிறகு குழம்பு என்னும் பிரச்சினை வருகிறது. பொங்கலுக்குச் சென்னையிலிருந்து மகனும் மருமகளும் பேரப்பிள்ளைகளும் நாட்டுக்கோழிக் குழம்பு என்று சொல்லிக்கொண்டே காரைவிட்டு இறங்குகிறார்கள். கொல்லையிலோ ஒவ்வொன்றுக்கும் பெயர் வைத்தாகிவிட்டது: ஒன்று ஜமாபந்தி, ஒன்று அடங்கல், சேவலுக்குக் கலெக்டர். பெயர் வைத்ததை அறுப்பதெப்படி? அவர் பேரனறியாமல் பணத்தைக் கொடுத்து ஆளைச் சந்தைக்கு அனுப்பி, முன்பின் அறிமுகமில்லாத ஒரு கோழியை வாங்கி வரச்செய்தார். கொல்லை நிறையக் கோழி வைத்துக்கொண்டு கோழி விலைக்கு வாங்கும் நிலைக்கே குக்குட பரிபாலனத்தின் பரிபக்குவம் என்று பெயர் வைக்கலாம். சம்சாரம் வேறு பெயர் வைத்தார். அதை இங்கே எழுதுவதற்கில்லை.

இவற்றையெல்லாம் தொகுத்து நோக்கினால் தீர்ப்பு ஐயத்துக்கிடமில்லாதது. காலையில் பஞ்சாரத்தைத் தூக்கித் திறந்துவிட அவர் இருக்க வேண்டும். அந்தியில் எண்ணி அடைக்க அவர் இருக்க வேண்டும். தற்செயல் விடுப்பு கிடையாது, ஈட்டிய விடுப்பு கிடையாது, பேத்தியின் காதுகுத்துக்குப் போனாலும் இரவு தங்க அனுமதி கிடையாது. ஓய்வு பெற்றவர் கோழி வளர்க்கவில்லை. கோழிகளின்கீழ், ஊதியமின்றி, கடைநிலை ஊழியராக மறுநியமனம் பெற்றிருக்கிறார். சர்வீஸில் இருந்த காலத்தைவிட அவர் முகம் இப்போது தெளிவாக இருக்கிறது என்பதையும் நேர்மையாகக் குறிப்பிட வேண்டியிருக்கிறது.

ஆகவே கோழி வாங்க உத்தேசித்திருக்கும் அன்பர்களைத் தடுக்கும் நோக்கம் நமக்கு இல்லை. ஒன்றை மட்டும் வற்புறுத்துகிறோம். இங்கிலாந்தில் நியூகாஸில் நகரத்தில் 1926-இல் கண்டறியப்பட்டு அந்நகரின் பெயரையும், நம் நாட்டில் குமாவோன் மலையிலுள்ள ராணிகேத்தின் பெயரையும் தாங்கி, நம் ஊரில் வெள்ளைக்கழிச்சல் என்று வழங்கும் நோய்க்கு மருந்து கிடையாது. வந்தால் ஓரிரு நாளில் கொல்லை காலியாகிவிடும். தடுப்பூசி ஒன்றே கதி. பிப்ரவரி மாதத்தில் கால்நடை பராமரிப்புத் துறையார் ஊர்தோறும் முகாம் நடத்தி இலவசமாகவே போடுகிறார்கள். சந்தையில் வாங்கிய புதுக்கோழியை இரண்டு வாரம் தனியே அடைத்து வைத்துப் பார்த்துவிட்டுக் கூட்டத்தில் சேருங்கள். முகாமுக்கு முதல்நாள் இரவே எல்லாவற்றையும் பஞ்சாரத்துக்குள் அடைத்துவிடுங்கள். விடிந்து திறந்துவிட்ட நாட்டுக்கோழியை ஓடிப் பிடிக்க அறுபதைத் தாண்டிய எவராலும் ஆகாது.